ரொமான்டிக் ஃபேன்டஸி நாவல்களும் ஆடியோபுக்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொமான்டிக் ஃபேன்டஸி என்று பேச்செடுத்தாலே புதிதாகப் படிக்க வருகிறவர்களிடமிருந்தும், பல வருடங்களாகப் படித்துச் சலித்தவர்களிடமிருந்தும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பழங்கதைகளைத் தவிர வேறு எந்தக் கதையின் முடிவையும் இங்கே உடைக்கவில்லை.

காதலும் மந்திரமும் இருந்தா அது ரொமான்டிக் ஃபேன்டஸி ஆயிடுமா?

ஆகாது. இரண்டும் ஒரே முடிச்சில் இருக்க வேண்டும். கதையிலிருந்து காதலை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். போர், சாபம், அரியணைச் சண்டை எல்லாம் அப்படியே ஓடினால் அது காதல் தூவிய ஃபேன்டஸி. அடுத்து மந்திரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். அந்த இருவரும் எந்த ஊரிலும் எந்த அலுவலகத்திலும் இதே மாதிரி காதலித்திருக்கலாம் என்று தோன்றினால் அது மாய வேடம் போட்ட காதல் கதை. எதை எடுத்தாலும் கதை சரிய வேண்டும். அப்படிப்பட்ட நாவல்களைத்தான் நான் தேடித் தேடிப் படிக்கிறேன்.

மணிமேகலையை நினைத்துக்கொள்ளுங்கள். தெய்வம் கதாநாயகியைத் தூக்கிப்போய் மணிபல்லவத்தில் விடுகிறது. வேற்றுருக் கொள்ளும் மந்திரம் இருக்கிறது, அமுதசுரபி இருக்கிறது, அவளையே நினைத்து அலையும் இளவரசன் உதயகுமரனும் இருக்கிறான். அவள் காயசண்டிகையின் உருவில் இருக்கும்போது, காயசண்டிகையின் கணவனான வித்தியாதரன் தன் மனைவியைத்தான் இவன் தொடர்கிறான் என்று எண்ணி உதயகுமரனை வெட்டிவிடுகிறான். ஆசையும் மந்திரமும் இவ்வளவு இறுக்கமாகப் பின்னிக்கொண்ட இடங்கள் குறைவு. ஆனாலும் காப்பியம் போய்ச் சேருவது துறவில். ரொமான்டிக் ஃபேன்டஸி வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு வேறு. அந்த இருவரும் கடைசியில் சேர்வார்கள், குறைந்தது சேர்வார்கள் என்ற நம்பிக்கையோடாவது கதை நிற்கும்.

இது இப்ப திடீர்னு வந்த மோகம்தானே?

விற்பனை வேகம் புதிது, கதை மிகப் பழையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அப்புலேயுஸ் லத்தீனில் எழுதிய சைக்கியின் கதையில், கணவனின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்ற கட்டளையை அவள் மீறுகிறாள். விளக்கிலிருந்து சிந்திய எண்ணெய்த் துளி அவனைச் சுட, அவன் பறந்துவிடுகிறான். அவனைத் திரும்ப அடைய அவள் பாதாளம் வரை போக வேண்டியிருக்கிறது. 1740-இல் பிரான்சில் வில்நவ் எழுதிய அழகியும் விலங்கும் கதை, 1756-இல் போமோன் கையால் சுருங்கி உலகம் முழுக்கப் பரவியது. இன்று வரும் நாவல்களில் பாதியின் எலும்புக்கூடு இந்த இரண்டு கதைகளில் ஒன்றாகத்தான் இருக்கிறது.

நவீன காலத்தில் ராபின் மெக்கின்லி 1978-இல் ‘பியூட்டி’ நாவலோடு அழகியும் விலங்கும் கதையைத் திரும்பச் சொன்னார். 2015-இல் சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ வந்தது. 2020-க்குப் பிறகு வாசகர்கள் குறு வீடியோக்களில் தங்களுக்குப் பிடித்த காட்சிகளைப் பற்றி அழுதும் சிரித்தும் பேசத் தொடங்கியதும், பழைய புத்தகங்களும் சேர்ந்து விற்க ஆரம்பித்தன. 2023-இல் ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ வந்தபோது இந்த வகைக்குக் கடைகளில் தனி அலமாரியே வந்துவிட்டது.

கடைசியில சேர்ந்துடுவாங்கன்னு முதல் பக்கத்துலயே தெரியுது. அப்புறம் எதுக்கு அறுநூறு பக்கம்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. சேர்வார்களா என்பது இங்கே கேள்வியே இல்லை. சேருவதற்கு யார் எதை இழக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. முடிவு உறுதியாகத் தெரிவதால் எழுத்தாளர் பாத்திரங்களை மிக ஆழமான பள்ளத்தில் தள்ளலாம், நாமும் பயமில்லாமல் கூடவே இறங்கலாம். அந்த உறுதி இல்லாவிட்டால் பல வாசகர்கள் பாதியிலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

டயானா வின் ஜோன்ஸ் 1986-இல் எழுதிய ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ இதற்கு நல்ல உதாரணம். மூத்த மகளாகப் பிறந்ததால் தனக்கு எதுவும் அமையாது என்று நம்பி ஒடுங்கிக் கிடக்கும் சோஃபி, ஒரு சூனியக்காரியின் சாபத்தால் கிழவியாகிறாள். சாபத்தைப் பற்றி வாய் திறந்து யாரிடமும் சொல்லவும் முடியாது. ஆனால் கிழவியான பிறகுதான் அவளுக்குத் துணிச்சல் வருகிறது. மந்திரவாதி ஹவுலையே அதட்டுகிறாள், அவன் வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறாள், அவன் பொய்களை நேருக்கு நேர் சொல்லிக்காட்டுகிறாள். இளமை திரும்பினால் மறுபடி பழைய கூச்சத்துக்குள் போய்விடுவாளோ என்ற கவலை நமக்கு வருகிறது. யார் யாரோடு சேர்வார் என்பது தெரிந்திருந்தும் இந்தக் கவலை போகாது. முதல் பதிலில் சொன்ன முடிச்சு இதுதான்.

எதுல ஆரம்பிக்கிறது? எல்லாம் பெரிய பெரிய சீரிஸா இருக்கே!

ஒரே புத்தகத்தில் முடியும் கதையில் ஆரம்பியுங்கள். மேலே சொன்ன ஹவுல் கதையைத் தனியாகவே படிக்கலாம். நகைச்சுவையும் வேகமும் பிடிக்கும் என்றால் அது. காடு, பயம், நாட்டுப்புறக் கதையின் மணம் வேண்டுமென்றால் நயோமி நோவிக் 2015-இல் எழுதிய ‘அப்ரூட்டட்’. பத்து வருடத்துக்கு ஒருமுறை பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பெண்ணைத் தன் கோபுரத்துக்குக் கூட்டிப்போகும் மந்திரவாதி, இந்த முறை எதிலும் ஒழுங்கில்லாத அக்னியெஷ்காவைத் தேர்ந்தெடுக்கிறான். அவனுடைய மந்திரம் அளந்து வைத்தது. அவளுடையது வழி தேடி நடப்பது. இரண்டு பேரும் ஒரே மந்திரத்தைச் சேர்ந்து சொல்லும் காட்சியில் அந்த மந்திரத்தின் வழியாகவே நெருக்கம் வந்துவிடுகிறது. இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அது. அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டஸிக்கும் தரப்படும் நெபுலா விருதும் அந்த நாவலுக்குக் கிடைத்தது.

இரண்டும் பிடித்திருந்தால் சீரிஸ் பக்கம் போகலாம். வெளிவந்த வரிசையில் படியுங்கள். முன்கதைகளும் குறுநாவல்களும் கதைக் காலப்படி முன்னால் வந்தாலும், அவற்றில் உள்ள உணர்ச்சி பின்னால் படித்தால்தான் முழுதாக ஏறும்.

ஆடியோபுக் கேட்டா படிச்ச கணக்குல வருமா?

வரும். பார்வையற்ற வாசகர்களுக்காக 1930-களிலேயே அமெரிக்காவில் இசைத்தட்டுகளில் முழு நாவல்கள் வாசிக்கப்பட்டன. அவர்கள் படிக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டோம்.

அனுபவம் மட்டும் வேறு. கண் வர்ணனைகளைத் தாவும், காது தாவாது. அரண்மனை வர்ணனை மூன்று பக்கம் நீண்டால் மூன்று பக்கமும் கேட்டே ஆக வேண்டும். அதனால் சுமாரான எழுத்து காதில் சீக்கிரம் அம்பலமாகிவிடும். நாயகன் ஒவ்வொரு அத்தியாயத்திலும் தாடையை இறுக்குகிறான் என்பது படிக்கும்போது தெரியாது, கேட்கும்போது உறுத்தும். நல்ல உரையாடல் காதில் இரண்டு மடங்கு மின்னும்.

பேரெல்லாம் வாய்லயே நுழைய மாட்டேங்குது. யார் யாருன்னே குழம்புது.

இந்த ஒரு சிக்கலுக்காகவே முதல் பாகத்தை ஒலியில் கேட்கச் சொல்வேன். கற்பனை உலகத்துப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று எழுத்தாளரிடமே கேட்டு வாசிப்பவர்கள் தயாராகிறார்கள். எழுத்தைப் பார்த்துத் தடுமாற வைக்கும் மாஸின் நாயகி பெயர், காதில் ‘ஃபேரா’ என்று இயல்பாக விழுகிறது. ஒரு மணி நேரத்தில் பெயர்கள் பழகிவிடும்.

வரைபடம், வம்சாவளி, முன்னால் வந்த ஒரு வரியைத் திரும்பப் புரட்டிப் பார்ப்பது, இதெல்லாம் ஒலியில் கஷ்டம். நாடுகளும் அரச குடும்பங்களும் நிறைய இருக்கும் கதை என்றால் புத்தகமும் கையில் இருப்பது நல்லது.

இங்கிலீஷ் கொஞ்சம் தட்டுத் தடுமாறித்தான் படிப்பேன். எனக்கு இது சரிப்படுமா?

நிச்சயமாகச் சரிப்படும். புத்தகத்தைக் கண்ணால் தொடர்ந்தபடியே காதில் கேளுங்கள். தெரியாத சொல் வந்தாலும் குரலின் ஏற்ற இறக்கம் பொருளைப் பாதி சொல்லிவிடும். இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் தன்மைக் கூற்றில், பேச்சு நடையில் எழுதப்படுவதால் இதற்கு ஏற்றவை.

காசு செலவழிக்கும் முன் காது பழக வேண்டுமென்றால் லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளம் இருக்கிறது. காப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் 2005 முதல் அதில் வாசித்து இலவசமாக வைக்கிறார்கள். ஆண்ட்ரூ லாங் 1889-இல் தொகுத்த ‘தி ப்ளூ ஃபேரி புக்’கில் அழகியும் விலங்கும் கதையும், வெண்கரடியாகத் திரியும் கணவனைத் தேடிப்போகும் பெண்ணின் கதையும் இருக்கின்றன. சின்னக் கதைகள். எளிய மொழி.

ஒரு புக் எவ்வளவு நேரம் ஓடும்? ஒன்றரை வேகத்துல வச்சுக் கேட்கலாமா?

வாசிப்பவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் வேகத்தில் போகிறார்கள், அதாவது மணிக்கு 9,000 சொல். ஒன்றரை லட்சம் சொல் உள்ள நாவல் 16 மணி நேரத்தைத் தாண்டும். ‘ஃபோர்த் விங்’ 20 மணி நேரத்துக்கும் மேல். 1.25 வேகத்தில் வைத்தால் 16 மணி நேரம் 13 மணி நேரத்துக்குள் வந்துவிடும். பயணம், போர், பயிற்சி அத்தியாயங்களுக்கு அந்த வேகம் உறுத்தாது.

காதல் காட்சிகளுக்கு மட்டும் சாதாரண வேகத்துக்கு வாருங்கள். அங்கே நடிப்பு சொல்லில் இல்லை, சொல்லுக்கு முன்னால் வரும் இடைவெளியில் இருக்கிறது. சில ஆப்களில் மௌனத்தைச் சுருக்கும் வசதி உண்டு. இந்த வகை நாவலுக்கு அதை அணைத்து வையுங்கள்.

ஒரே ஆள் வாசிக்கிறது, ரெண்டு பேர் வாசிக்கிறது, நாடகம் மாதிரி பண்றது. எது நல்லா இருக்கும்?

நான்கு முறைகள் இருக்கின்றன. ஒருவரே முழுக்க வாசிப்பது ஒன்று. இருவர் அத்தியாயத்தை மாற்றி மாற்றி வாசிப்பது இரண்டாவது: அவள் பார்வையில் நகரும் அத்தியாயம் பெண் குரலில், அவன் பார்வையில் நகர்வது ஆண் குரலில். மூன்றாவது, ஒரே காட்சிக்குள்ளேயே அவள் வசனத்தை அவளும் அவன் வசனத்தை அவனும் பேசுவது. நான்காவது, இசை, வாள் சத்தம், குதிரைக் குளம்படி எல்லாம் சேர்த்துப் பல நடிகர்கள் பேசும் நாடக வடிவம். கிராஃபிக்ஆடியோ நிறுவனம் மாஸின் நாவல்களை இப்படிச் செய்திருக்கிறது.

இரண்டாவது முறையில் ஒரு வில்லங்கம் உண்டு. அவளுடைய அத்தியாயத்தில் நாயகனின் வசனத்தையும் பெண்ணே பேசுவார். அடுத்த அத்தியாயத்தில் அதே நாயகன் வேறு குரலில் வருவான். ஒரே ஆளுக்கு இரண்டு குரல். இரு வாசிப்பாளர்களும் முன்கூட்டியே பேசிவைத்து ஒரே தாளத்தில் பேசினால் காது ஏற்றுக்கொள்ளும், இல்லாவிட்டால் கதை முழுவதும் தடுக்கும். மூன்றாவது முறையில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் பதிவு செய்வது கடினம். நாடக வடிவத்தில் ‘என்றாள்’, ‘என்றான்’ போய்விடும், வர்ணனையும் குறையும். விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் அவள் மனதுக்குள் நடப்பது நமக்குக் குறைவாகவே கேட்கும். காதல் வளர்வதே மனதுக்குள் என்பதால், முதல்முறை கேட்கும்போது நாடக வடிவத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏற்கெனவே பிடித்துப்போன கதையைத் திரும்பக் கேட்க அது அருமை.

என் ஓட்டு ஒற்றைக் குரலுக்கு. 2011-இல் வந்த எரின் மார்கன்ஸ்டர்னின் ‘தி நைட் சர்க்கஸ்’ நாவலை ஜிம் டேல் ஒருவரே வாசித்திருக்கிறார். போட்டிக்காகவே வளர்க்கப்பட்ட இரண்டு மாயக்காரர்கள் காதலிக்கும் கதை. இருவர் பக்கமும் சாயாத ஒரு கிழவரின் குரல் அதைச் சொல்லும்போது, கதைக்கு வெளியே யாரோ எல்லாம் தெரிந்து நின்று சொல்வது போன்ற கம்பீரம் வந்துவிடுகிறது.

ஒரு பொண்ணு ஆம்பளைக் குரல்ல கரகரன்னு பேசறப்ப சிரிப்பு வந்துடுது. நான் மட்டும்தானா?

நீங்கள் மட்டும் இல்லை, பலருக்கும் ஆடியோபுக் பிடிக்காமல் போவது இந்த இடத்தில்தான். குரலைச் செயற்கையாகக் கீழே இறக்குகிறவர்களைத் தவிர்த்துவிடுங்கள். தேர்ந்த வாசிப்பாளர் குரலை அதிகம் மாற்ற மாட்டார். வேகத்தை மாற்றுவார். நாயகி சொற்களை முந்தித் தள்ளுவாள், நாயகன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வைப்பான். சில நிமிடங்களில் யார் பேசுகிறார் என்பது பெயர் சொல்லாமலே புரிந்துவிடும்.

வாங்கும் முன் மாதிரித் துண்டை அவசியம் கேளுங்கள். அதில் இருவரும் பேசிக்கொள்ளும் உரையாடல் இருந்தால் நல்லது, வர்ணனையை யார் வேண்டுமானாலும் அழகாக வாசித்துவிடலாம். புதுக் குரலுக்குக் காது இசைய அரை மணி நேரமாவது கொடுங்கள்.

நெருக்கமான காட்சிகள் எவ்வளவு வரும்? வீட்ல பிள்ளைங்களும் இருக்காங்க.

புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ஹவுல் கதையைப் பிள்ளைகளே படிக்கலாம். ‘அப்ரூட்டட்’ பெரியவர்களுக்கானது. மாஸ், யாரோஸ் நாவல்களில் இந்தக் காட்சிகள் விரிவாகவே வரும். அட்டைப்படத்தையும் நாயகியின் வயதையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ நாவலில் தொடங்கும் மாஸின் தொடர் முதலில் இளையோர் நாவலாக விற்கப்பட்டு, 2020-இல் புது அட்டையோடு பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றப்பட்டது. பழைய பதிப்பைப் பார்த்துப் பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடும் ஆபத்து இன்னும் இருக்கிறது.

ஒலியில் கூடுதல் கவனம் வேண்டும். புத்தகத்தில் கண்ணை நகர்த்திவிடலாம், ஸ்பீக்கரில் அது முடியாது. முதல்முறை ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

கடத்திட்டுப் போனவனையே அவ காதலிக்கிறா. அவனுக்கு ஐந்நூறு வயசு, இவளுக்குப் பத்தொன்பது. இதை எப்படி ரசிக்கிறீங்க?

நியாயமான கேள்வி. ரசிக்க முடியாத புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை. எனக்கு முக்கியமானது ஒன்று: அவளால் எப்போது கதவைத் திறந்துகொண்டு போக முடிகிறது? போமோன் சொன்ன அழகியும் விலங்கும் கதையில் திருப்பமே அங்கேதான். அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்கிறாள், விலங்கு அனுப்பிவைக்கிறது. அவள் தானாகத் திரும்பி வந்த பிறகு சொல்லும் சொல்லுக்குத்தான் சாபத்தை உடைக்கும் வலு இருக்கிறது. பூட்டிய அறைக்குள் சொல்லியிருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. நல்ல நாவல்கள் இந்த நுட்பத்தை விடுவதில்லை. மோசமானவை, அவள் போகவே முடியாத நிலையில் மனம் மாறுவதைக் காதல் என்று காட்டுகின்றன.

‘உனக்கென்று விதிக்கப்பட்ட துணை’ என்று வரும் கதைகளுக்கும் இதே உரைகல்தான். விதி இருவரையும் கட்டிவிட்டால் அவர்கள் தேர்ந்தெடுக்க என்ன மிச்சம்? அந்தப் பிணைப்பை மறுக்கவும் உரிமை உண்டு, மறுத்தால் அதற்கு ஒரு விலை உண்டு என்று விதி வைக்கும் எழுத்தாளர்களை நம்பிப் படிக்கலாம். வயது வித்தியாசத்தில் எண்ணைவிட அதிகாரம்தான் என் கவலை. ஐந்நூறு வருடம் வாழ்ந்தவன் அவளிடமிருந்து எதையாவது கற்றுக்கொள்கிறானா, அவள் சொல்லி எப்போதாவது பின்வாங்குகிறானா என்று பாருங்கள். ஒரு தடவைகூட இல்லை என்றால் மூடி வைத்துவிடலாம்.

முதல் பாகம் அப்படியே இழுத்துப் போட்டுச்சு. மூணாவது பாகம் ஏன் சப்புன்னு போகுது?

இருவரும் சேர்ந்துவிட்டார்கள், அதனால்தான். அதுவரை கதையைத் தள்ளிக்கொண்டு வந்த தவிப்பு தீர்ந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வீண் சந்தேகம், மறைத்து வைத்த ரகசியம், நினைவு இழப்பு என்று எழுத்தாளர்கள் ஏதாவது செய்து இருவரையும் பிரிக்கிறார்கள். வாய்விட்டு ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும் பிரச்சினைக்கு நானூறு பக்கம் என்றால் வாசகருக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

வேறு வழிகளும் உண்டு. பாகத்துக்கு ஒரு ஜோடி என்று மாற்றுவது ஒன்று. மாஸ் தன் தொடரில் 2021-இல் வந்த ஐந்தாவது புத்தகத்தில் நாயகியின் அக்கா நெஸ்டாவை மையத்துக்குக் கொண்டுவந்தார். முதல் பாகங்களில் எரிச்சலூட்டிய அதே பெண்ணின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று காட்டினார், எனக்கு அந்தத் தொடரில் மிகவும் நின்றது அதுதான். இதைவிடக் கடினமான வழி, சேர்ந்த பிறகும் அந்த ஜோடியையே தொடர்வது: ஒருவருக்கு நாடு முக்கியம், இன்னொருவருக்கு உறவு முக்கியம் என்று வரும்போது என்ன செய்கிறார்கள்? இதை எழுதத் துணிகிறவர்கள் குறைவு.

நான் பக்கா ஃபேன்டஸி ஆளு. இதுல உலகம் ரொம்ப மெலிசா இருக்கே?

பல புத்தகங்களில் அப்படித்தான். நான்கு நாடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு போர் என்று மேலோட்டமாகப் போட்டுவிட்டுக் காதலுக்கு ஓடிவிடுகிறார்கள். ஆனால் உலகத்தின் கனத்தை அதன் நாடுகளை எண்ணி அளக்க வேண்டாம். மந்திரத்துக்கு என்ன விலை, அந்த விலையைக் காதலர்களில் யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். நோவிக் 2018-இல் எழுதிய ‘ஸ்பின்னிங் சில்வர்’ நாவலில் வட்டிக்குக் கொடுப்பவரின் மகள் மிரியெம், வெள்ளியைத் தங்கமாக்குவேன் என்று பெருமையாகச் சொன்னது பனி மன்னனின் காதில் விழுகிறது. அவன் உலகத்தில் கடன், வாக்கு, நன்றி எல்லாவற்றுக்கும் கறாரான கணக்கு. அந்தக் கணக்கு வழியாகவே அவர்களுடைய உறவும் மாறுகிறது. உங்களுக்கு நான் கொடுக்கும் முதல் புத்தகம் அதுதான்.

இயந்திரக் குரல்ல வர்ற ஆடியோபுக் கேட்கலாமா? இப்பல்லாம் வித்தியாசமே தெரியலையே.

தகவல் புத்தகத்துக்குச் சரி. இந்த வகைக்கு நான் வேண்டாம் என்பேன். “நீ போகலாம்” என்று அவன் சொல்கிறான். போய்விடு என்கிறானா, போகாதே என்கிறானா? வாசிப்பவர் முழு நாவலையும் முன்பே படித்து, இருநூறு பக்கம் கழித்து வரப்போகும் காட்சியை மனதில் வைத்து அந்த இரண்டு சொல்லைப் பேசுகிறார். எதிரிகளாக இருந்து காதலர்களாகும் கதைகளில் முதல் பாதி முழுவதும் இப்படிப்பட்ட வசனங்கள்தான். உச்சரிப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த முன்னறிவு குரலில் இல்லாவிட்டால் கதையின் பாதி நமக்கு வந்து சேராது.

இன்னும் முடியாத சீரிஸை ஆரம்பிக்கலாமா, காத்திருக்கலாமா?

உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது. ‘ஃபோர்த் விங்’கில் தொடங்கும் யாரோஸின் தொடர் ஐந்து புத்தகங்களாகத் திட்டமிடப்பட்டது. முதல் இரண்டும் 2023-லேயே வந்தன, மூன்றாவது 2025 ஜனவரியில் வந்தது. ஒவ்வொன்றும் மூச்சு நிற்கும் இடத்தில் முடிகிறது. அடுத்து என்ன என்று ஊகித்து, நண்பர்களோடு வாதாடி, பழைய பாகத்தில் துப்புத் தேடுவது பிடிக்கும் என்றால் இப்போதே ஆரம்பியுங்கள். அந்தச் சுகம் தொடர் முடிந்த பிறகு வருகிறவர்களுக்குக் கிடைக்காது.

தவிப்பு தாங்காது என்றால் முடிந்த தொடர்களையோ தனிப் புத்தகங்களையோ எடுங்கள். இடையில் நிறுத்தி வைத்திருந்தால், புதுப் பாகம் வரும்போது முந்தைய பாகம் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. கடைசி மூன்று மணி நேரத்தை மட்டும் ஆடியோபுக்கில் கேட்டுவிட்டுப் புதியதற்குள் போங்கள். பெயர்கள், யார் யாருக்கு எதிரி, எந்த இடத்தில் நின்றோம் என்பதெல்லாம் அதிலேயே திரும்ப வந்துவிடும்.